சாட்சிக்கூண்டில் இயற்கை

கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவரும் இருக்க வேண்டும் என்று 1802இல் ஆங்கிலேயப் பாதிரியார் வில்லியம் பேலி வாதிட்டார். புலம்பெயர் தமிழ்ச் சபைகளில் இன்றும் அதே பிரசங்கம்தான்: கண்ணைப் பார், மயிலைப் பார், கடவுள் தெரிகிறார். சரி, உயிருள்ள புழுவை உள்ளிருந்தே தின்று வளரும் குளவியில் தெரிபவர் யார்? 1860இல் டார்வினை உறுத்தியதும் இதுவே. 2004 சுனாமியில் வேளாங்கண்ணி ஆலயம் தப்பியதை அற்புதம் என்றார்கள்; கரையில் மாண்ட யாத்ரீகர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? வசதியானதை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் அதற்குப் பெயர் விளம்பரம். யோபுவுக்குக் கடவுள் காட்டுக்கழுதையையும் லிவியாதானையும் காட்டியது தாம் இருப்பதை நிரூபிக்க அல்ல. அதில் யோபுவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நானும் விசுவாசிதான். மலையைக் கண்டால் துதிப்பேன். அதைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்க மாட்டேன்.