மாற்றுரைக்கும் கடமை

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் மார்ச் 31-ஆம் தேதி மாலை ஒரு சூளை எரிந்துகொண்டிருக்குமானால், அதனுள்ளே அடுக்கப்பட்டிருக்கும் இன்சுலேட்டர்களுக்கும் பியூஸ் கட்டைகளுக்கும் அகல் விளக்குகளுக்கும் அன்றைய தேதியில் என்ன மதிப்பு எழுதுவது என்பது, கணக்கெழுதும் தொழிலில் உள்ளவர்களின் மனச்சாட்சியை நேரே தொட்டுப் பார்க்கும் வினாக்களில் ஒன்று. களிமண்ணோடு பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் அரைத்துக் கலந்து, வார்த்து, உலர்த்தி, மெருகு பூசிச் சூளையேற்றிய சரக்கில் எத்தனை முழுசாக வெளிவரும், எத்தனை கோணியும் விரிசல் விட்டும் இரண்டாந்தரமாகும், எத்தனை உடைசற் குவியலுக்குப் போகும் என்பது, சூளை ஆறிக் கதவைப் பிரிக்கும் வரையில் எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பழகிய கணக்கர் முந்தைய சூளைகளின் சேதத்தை உத்தேசித்து ஒரு தொகையைத் தீர்மானிக்கிறார். அடக்கவிலை, விற்றால் கையில் கிடைக்கும் நிகர விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே எழுத வேண்டுமென்றும், இயல்புக்கு மீறிய சேதத்தை அடக்கவிலையில் ஏற்றலாகாதென்றும் கணக்கியல் தரம் விதிக்கிறது. விதியில் மயக்கமில்லை, ஆனால் அந்த உத்தேசம் யோக்கியமானதா என்பதை எந்த விதியும் சூளைக்குள் புகுந்து பார்த்துவிட முடியாது. அதை அறிந்தவர் கணக்கர் ஒருவரே.

இதற்குப் பின்னால் இருப்பது என்ன என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். சிறு தொழிலுக்கு வங்கி கொடுத்திருக்கும் கேஷ் கிரெடிட்டில் மாதந்தோறும் எவ்வளவு எடுக்கலாம் என்பது, முதலாளி கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைக் கொண்டு தீர்மானமாகிறது. சரக்கிருப்பையும் வரவேண்டிய பாக்கியையும் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்து, மார்ஜினையும் கழித்தால் மிஞ்சுவது டிராயிங் பவர். வரவேண்டிய பாக்கியிலும் 90 நாளைக்கு மேற்பட்டதைப் பெரும்பாலான வங்கிகள் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே, சரக்கை வாங்கிக்கொண்ட பெரிய ஸ்தாபனம் நான்கு மாதமாகியும் பணம் அனுப்பாதபோது, சூளைக்காரருக்குப் பணமும் வருவதில்லை, அந்தப் பாக்கியைக் காட்டி வங்கியில் எடுக்கும் உரிமையும் போய்விடுகிறது. சனிக்கிழமைக் கூலி கொடுத்தாக வேண்டும். எரிபொருளுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தச் சமயத்தில்தான் அவர் தம் கணக்கரைப் பார்த்து, முற்றத்திலே கிடக்கும் உடைசலையும் இரண்டாந்தரத்தையும் முதல்தரமாக ஒரு மாதத்துக்கு மட்டும் காட்டிவிடலாமே, அடுத்த மாதம் நேராகிவிடும் என்று கேட்கிறார்.

இப்படிக் கேட்பவர் திருடரல்லர். பெரும்பாலும் அவர் தம் தொழிலாளரின் கூலியை ஒரு வாரம் தள்ளுவதற்குக் கூசுகிற மனிதர். நிதித்துறையின் அறத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகப் பேராசைக்காரர்களையும் மோசடிக்காரர்களையும் முன்னே நிறுத்தி, கேட்பவர்கள் எல்லோரும் தங்களை அவர்களிடமிருந்து வேறுபட்டவர்களாக எண்ணி நிம்மதியடையும்படி செய்துவிடுகிறார்கள். உண்மையில் நம் தொழிலில் ஒருவர் முதன்முதலாகத் தடுமாறுகிற சந்தர்ப்பம், நல்லவர் ஒருவர் நல்ல காரணம் சொல்லிக் கேட்கிற சந்தர்ப்பமாகவே இருக்கிறது. அதனாலேயே அது அபாயகரமானது. ஒரு மாதத்துக்கு மட்டும் என்று ஏற்றிய இருப்பு, அடுத்த மாதம் குறைந்தால் வங்கி காரணம் கேட்குமாதலால், அடுத்த மாதமும் ஏற்றப்படுகிறது. மூன்றாம் மாதத்தில் அந்தத் தொகைக்கு ஏற்றபடி உற்பத்திக் கணக்கும் திருத்தப்படுகிறது.

இது சிறிய ஊரின் சிறிய தொழிலுக்கு மட்டும் உரிய வியாதி என்று யாரும் கருத வேண்டாம். 2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், ஏடுகளில் கண்ட 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். உண்மை லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் இடையே முதலில் சிறிதாக இருந்த வேறுபாடு ஆண்டுக்காண்டு வளர்ந்து அடக்க முடியாததாகிவிட்டது என்பதே அவர் தந்த விளக்கம். தொகையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருந்தாலும், அடுத்த காலாண்டில் நேராகிவிடும் என்ற நம்பிக்கை ஒன்றுதான். அந்த விவகாரத்தில் தணிக்கையாளர் பேரில் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2011-இல் கண்ட குறை, நம்மில் ஒவ்வொருவரும் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டியது. வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களைத் தணிக்கையாளர் தாமே வங்கிக்கு அனுப்பித் தாமே நேராகப் பெறுவதற்குப் பதிலாக, அந்தப் பொறுப்பை நிறுவனத்தாரிடமே விட்டிருந்தார்கள். பெரிய அறிவோ நுட்பமோ தேவைப்படாத ஒரு வேலை. ஓர் உறையில் தபால்தலை ஒட்டுகிற வேலை. அதைச் செய்யாததற்கு, பெரிய மனிதர்களை நம்பாதது போலாகுமே என்ற கூச்சத்துக்கு மேல் வேறு காரணம் கற்பிக்க நமக்குத் தோன்றவில்லை.

இந்தக் கூச்சத்தைப் பற்றி விருத்தாசலத்துக்கே உரிய ஒரு பழைய கதை உண்டு. அதை நம் துறையினர் பக்திக் கதையாக மட்டும் கேட்டு விட்டுவிடுவது பெரிய நஷ்டம். திருமுதுகுன்றம் என்று தேவாரம் பாடும் இந்தத் தலத்தில் சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதை அப்படியே மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்பது கட்டளை. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது என்று இன்றைக்கும் ஏளனமாகச் சொல்கிறோமே, அதன் மூலம் இதுதான் என்பர். ஆனால் சுந்தரர் பொன்னை ஆற்றில் இடுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு மச்சம், அதாவது தரத்தை ஒப்பிடுவதற்கான மாதிரித் துண்டு, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார் என்று சேக்கிழார் சிரத்தையோடு குறிப்பிடுகிறார். கொடுத்தவன் ஆண்டவன், பெற்றவன் அவனுக்குத் தோழன், இருந்தும் மாதிரி எடுத்து வைக்கப்பட்டது. கமலாலயம் என்ற அந்தக் குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. குறைந்திருந்தது என்று சொல்லவும் பட்டது. நாயனார் மீண்டும் பாடிய பின்பே பொன் மச்சத்துக்கு ஒத்து வந்தது.

உரைத்துப் பார்த்தவர் விநாயகர் என்பது தலமரபு. கமலாலயத்தின் கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் என்ற பெயரோடு அவர் கோயில்கொண்டிருக்கிறார். கொடுத்தவனுக்குப் பிள்ளையாகிய ஒருவர், தந்தை கொடுத்த பொன்னை உரைகல்லில் தேய்த்துத் தரம் குறைவென்று சொன்னார் என்று நம் முன்னோர் நம்பினார்கள் என்றால், தணிக்கையாளன் தன்னை நியமித்து ஊதியம் கொடுப்பவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவு உயர்ந்த பாவனை இருந்திருக்க வேண்டும்! இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எனக்கு அதுவே இன்னும் பெரிதாகப் படுகிறது. சோதிக்கப்பட்டவன் சோதனையைத் தனக்குச் செய்த அவமதிப்பாகக் கொள்ளவில்லை. குறையைக் காட்டியபோது நிறைத்துக் கொடுத்தான். ஒரு ஸ்தாபனத்தில் தலைமை என்பதற்கு இதைவிடத் தெளிவான லட்சணம் இருப்பதாக நான் கருதவில்லை. தம் கணக்கைத் தமக்குக் கீழுள்ள சிறியவன் உரைத்துப் பார்ப்பதற்கு இடங்கொடுக்கிற தலைவரின் கீழே யோக்கியமான கணக்கர்கள் தாமாக உண்டாகிறார்கள். அதற்கு முகம் சுளிக்கிற தலைவரின் கீழே நல்ல பயிற்சி பெற்றவர்களும் நாளடைவில் தலையாட்டக் கற்றுக்கொள்கிறார்கள்.

சென்னை மாகாணத்தார் இந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை சாமானியமானதன்று. பாரி, பின்னி என்ற பெயர்களோடு ஒருசேரச் சொல்லப்பட்ட அர்பத்நாட் கம்பெனி 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி கதவை மூடியபோது, பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் கோயில் தர்மகர்த்தாக்களும் போட்டு வைத்திருந்த பணம் போயிற்று. லண்டன் கூட்டாளி மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்தப் பெயரின் பிரதாபமே அத்தனை காலமாக உரைகல்லை எட்ட நிறுத்தியிருந்தது. கடன் கொடுத்தோர் தரப்பில் நின்று போராடிய வி. கிருஷ்ணசாமி ஐயர், குற்றவாளிக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்ததோடு தம் கடமை தீர்ந்ததென்று கருதியிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, ஜனங்களின் சேமிப்பை நம்பிக்கையோடு ஒப்படைக்க இந்தியரால் நடத்தப்படும் ஒரு வங்கி வேண்டுமென்று முனைந்து நின்றார். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி இந்தியன் வங்கி வேலையைத் தொடங்கியது. நம்பிக்கை சிதைந்த இடத்தில் மறுபடியும் அதைக் கட்டுவதற்குப் பத்து மாதங்களுக்குள் முன்வந்த அந்தத் துணிவை நம் கல்லூரிகளில் நிதி பயிலும் மாணவருக்கு யாரும் விவரமாகச் சொல்வதாகத் தெரியவில்லை.

சட்டங்கள் அதன்பின் பெருகின. பட்டயக் கணக்காளர் சட்டம் 1949-இலும், நிதி நிறுவனங்களில் பணம் போட்டு ஏமாந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டின் வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997-இலும், தணிக்கையைக் கண்காணிக்கும் தேசிய ஆணையம் 2018-இலும் வந்தன. இவை ஒவ்வொன்றும் அவசியமானவை. இவற்றை விரித்துரைப்பது இங்கு நம் நோக்கமன்று.

நாம் விருத்தாசலத்துச் சூளைக்குத் திரும்ப வேண்டும்; ஏனெனில் அங்கே கணக்கர் எழுதுகிற பொய்யின் மூலம் அங்கே இல்லை. அது நூறு மைலுக்கு அப்பால், வாங்கிய சரக்குக்குப் பணம் அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தின் நிதித் தலைவரின் மேஜையில் இருக்கிறது. அவர் நன்கு படித்தவர். பொய்க்கணக்கு எழுதுமாறு எவரையும் அவர் கேட்டதில்லை. கொடுக்க வேண்டியதைத் தாமதிப்பதால் தம் நிறுவனத்துக்கு வட்டி மிச்சமாவதை நிர்வாகத் திறமையாகவே ஆண்டறிக்கையில் காட்டுகிறார். ஆனால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எந்த ஒப்பந்தத்தின் பேராலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தலாகாது என்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. கொடுபடாத தொகையை வாங்குபவர் தம் ஆண்டுக் கணக்கிலேயே வெளியிட வேண்டும் என்கிறது. காலங்கடந்து நிற்கும் தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்ற விதியையும் 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமானவரிச் சட்டத்தில் சேர்த்தது.

இத்தனை இருந்தும், பெரிய நிறுவனங்கள் பலவற்றின் கணக்குக் குறிப்புகளில், சப்ளை செய்வோரிடமிருந்து அவர்கள் சிறுதொழில் என்பதற்கான தகவல் எதுவும் வரப்பெறவில்லை, ஆகவே வெளியிட வேண்டிய தொகை இல்லை என்ற ஒரே வாசகம் ஆண்டுதோறும் அச்சாகிறது. அதன் கீழே நம்மவர்களின் கையொப்பமும் விழுகிறது. தகவல் வராததற்குக் காரணம் யாரும் கேட்காததே. கேட்டால் உத்யம் பதிவு எண்ணோடு பதில் வரும். பதில் வந்தால் வட்டி ஏற வேண்டும். வட்டி ஏறினால் லாபம் குறையும். இந்தச் சங்கிலியை அறிந்தே அந்த வாசகத்தை ஏற்றுக்கொள்கிற தணிக்கையாளருக்கும், உடைசலை முதல்தரமாக எழுதுகிற சூளைக் கணக்கருக்கும் இடையே, பின்னவருக்கு நெருக்கடி இருந்தது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குப் புலப்படவில்லை. விருத்தாசலத்துக் கணக்கரை நேர்மையாக இருக்கும்படி நாம் வற்புறுத்துகிறோம், அது நியாயந்தான். ஆனால் அவர் நேர்மையாக இருப்பதற்கு வேண்டிய பணம் நம்மில் உயர்ந்த பதவி வகிப்பவர்களின் பீரோவில் பில்லாகக் கிடக்கும்போது, உபதேசத்தை அவரிடமிருந்து தொடங்குவது முறையாகாது.

ஆகவே நம் வாசகர்களில் பெரிய ஸ்தாபனங்களின் நிதிப் பொறுப்பில் உள்ளவர்களையும், அவற்றின் தணிக்கையாளர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். வருகிற மார்ச் 31-க்கு முன்னால், சரக்கு சப்ளை செய்யும் ஒவ்வொருவருக்கும் அவருடைய பதிவு விவரத்தையும் வரவேண்டிய பாக்கியையும் கேட்டு ஒரு கடிதம் போகட்டும்; அந்தக் கடிதத்தைத் தணிக்கையாளர் தம் கையால் அனுப்பி, பதிலைத் தம் விலாசத்துக்கே பெறட்டும். சூளைத்தொழில்களுக்குக் கணக்குப் பார்ப்பவர்கள், இருப்பெடுக்கும் நாளில் ஆர்டிகிள்ஷிப் மாணவரைத் தனியே அனுப்பிவிடாமல், கையொப்பமிடுகிறவரே உடன் போய், இரண்டாந்தரத்தை வேறாக அடுக்கச் சொல்லி எண்ணட்டும். 45 நாளுக்குள் பணம் கொடுப்பதை வழக்கமாக்கிக் கொண்ட நிறுவனங்களின் முறையை, அதனால் நேர்ந்த சங்கடங்களோடு சேர்த்து எழுதி அனுப்பினால், அடுத்த இதழிலிருந்தே முதற்பக்கங்களில் பிரசுரிக்கச் சித்தமாக இருக்கிறோம்.