ஐயர் எத்தனை ஐயரோ!

முசரவாக்கத்து நண்பர் ஒருவர், ஊர்ப் படிப்பகத்திற்காக இருபது வருஷத்திற்கு முன் கம்ப்யூட்டரில் தட்டி வைத்த புஸ்தக ஜாபிதாவைச் சென்ற வாரம் நமக்குத் திறந்து காட்டினார். தமிழைக் காணோம், கோணல்மாணலான குறிகளே திரையை நிறைத்திருந்தன. அந்நாளில் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறு குறியீடு. எழுத்துரு தொலைந்ததும் புஸ்தகங்களின் பெயரும் தொலைந்தது! 1999-இல் டாம், டாப் என்ற குறியீடுகளை அங்கீகரித்த தமிழக சர்க்கார், யூனிகோடை ஏற்றது 2010-இல்தான்.

நல்லவேளையாக, மாற்றித் தரும் மென்பொருள் அகப்பட்டது. பிறகும் ஒரு சங்கடம். மகாமகோபாத்தியாயர் ஓரிடத்தில் சாமிநாதையர், மற்றோரிடத்தில் சுவாமிநாதையர், இன்னோரிடத்தில் உ. வே. சா. மனிதர் ஒருவரே என்பது யந்திரத்துக்குத் தெரியுமோ? தேடி வரும் பையன் ஒரு பெயரின்கீழ் உள்ளதைக் கண்டு, மற்றவை இல்லையென்றே திரும்புவான்.

கடிதம் எழுதும் மென்பொருளில் ஜாபிதா போட்டால் இத்தொல்லை தீராது. ‘கோஹா’ போன்ற நூலக மென்பொருளில் ஆசிரியருக்கு ஒரே பெயரை நிர்ணயித்து, ஏனையவற்றை அதனுடன் பிணைத்து விடலாம். நியூஜிலாந்து நூல்நிலையம் ஒன்றில் 2000-இல் வழக்கத்துக்கு வந்த அது, விலையின்றிக் கிடைக்கிறது; மவோரி பாஷையில் அப்பெயருக்கு நன்கொடை என்றே பொருள்.

ஆயினும் எந்தப் பெயரை நிர்ணயிப்பது என்பதை மனிதரே சொல்ல வேண்டும். சீகாழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1934-லேயே ஜாபிதா தயாரிப்பதற்கு விதிகள் வகுத்துப் புஸ்தகம் வெளியிட்டார். நண்பர் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். சாமிநாதையர் விஷயம் முடிந்துவிட்டதாம். இப்போது, ‘கல்கி’யா, கிருஷ்ணமூர்த்தியா என்பதில் வந்து நிற்கிறார்.