சுவரில் தொங்கும் சான்றிதழும் கட்டிலருகே கேட்கப்படும் கேள்வியும்

சில வாரங்களுக்கு முன்பு, பொம்மையார்பாளையத்திலிருந்து வந்து உள்நோயாளியாகச் சேர்ந்திருந்த முதிய அம்மையார் ஒருவர் என்னிடம் சற்றுக் கோபமாகவே கேட்டார்: "காலையிலேருந்து நாலு பேரு வந்து எம் பேரக் கேட்டுட்டாங்க. ரத்தம் எடுக்க வர்ற பொண்ணு கேக்குது, ஊசி போடுற சிஸ்டர் கேக்குது. கையில பட்டை வேற கட்டியிருக்கீங்க. ஒரு வாரமா இங்கதான கெடக்குறேன், என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

நியாயமான கேள்வி. நம் மருத்துவமனை தர அங்கீகார மதிப்பீட்டிற்கு ஆயத்தமாகி வரும் இந்நாள்களில், வேறு பல நோயாளிகளும் உறவினர்களும் இதே கேள்வியைக் கேட்கின்றனர். "சான்றிதழ் வாங்குவதற்காகத்தானே இத்தனை படிவங்கள்? இதனால் எங்களுக்கு என்ன பயன்?" என்போரும் உண்டு. அவர்களுக்கு என் கருத்தை ஒளிவின்றிச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஓர் ஒப்புதல். நான் முதுநிலை மருத்துவம் பயின்ற காலத்தில், ஒரு பெரிய மருத்துவமனையின் பெண்கள் வார்டில் இரவுப் பணியில் இருந்தேன். அங்கே ஒரே பெயருடைய இருவர் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தனர். ஒருவருக்கு நீரிழிவு நோய். மற்றவருக்கு அது இல்லை. இன்சுலின் போடும்படி நான் எழுதிய குறிப்பில் பெயரையும் கட்டில் எண்ணையும் மட்டுமே குறித்திருந்தேன். அன்று மாலை மின்விசிறி ஓடவில்லை என்பதற்காக இருவரும் கட்டில் மாறியிருந்ததை நான் அறியவில்லை. செவிலியர் ஊசியுடன் வந்து பெயரைச் சொல்லி அழைத்தார். நீரிழிவு இல்லாத அம்மையார் "ஆமாம்மா" என்று கையை நீட்டினார். அருகே தரையில் அமர்ந்திருந்த அவருடைய மகள், "எங்கம்மாவுக்குச் சக்கரை இல்லையே சிஸ்டர், இது என்ன ஊசி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் ஊசி நின்றது. தேவையற்ற ஒருவருக்கு இன்சுலின் சென்றிருந்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்து, உறக்கத்திலேயே நினைவிழக்கும் நிலை ஏற்பட்டிருக்கலாம்.

அதைவிட என்னை இன்றளவும் உறுத்துவது அதற்குப் பின் நடந்ததுதான். எதுவும் நடக்கவில்லை! "நல்லவேளை" என்று சொல்லிவிட்டு அனைவரும் அடுத்த வேலைக்குச் சென்றோம். யாரும் அதை எழுதிவைக்கவில்லை, நானும் எழுதவில்லை. மறுநாளும் அந்த வார்டில் கட்டில் எண்ணைப் பார்த்தே மருந்து கொடுக்கப்பட்டது. நாங்கள் திறமையற்றவர்களோ அக்கறையற்றவர்களோ அல்லர். ஆனால், தவறிலிருந்து கற்றுக்கொள்வதற்கான முறை எங்களிடம் இருக்கவில்லை. அந்த முறைக்குத்தான் தர மேலாண்மை என்று பெயர்.

இனி, நீங்கள் மருத்துவமனைகளின் வரவேற்பறையில் காணும் சான்றிதழ்களைப் பற்றிச் சில செய்திகள். ஐ.எஸ்.ஓ. என்பது ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1947 முதல் இயங்கிவரும் பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பு. அதன் ஐ.எஸ்.ஓ. 9001 என்னும் தர மேலாண்மை விதிமுறை 1987இல் முதன்முதலாக வெளிவந்து, பலமுறை திருத்தப்பட்டது. இது மருத்துவத்திற்கென்று எழுதப்பட்டதன்று. பிஸ்கட் தொழிற்சாலைக்கும் பொருந்தும், மருத்துவமனைக்கும் பொருந்தும். ஐ.எஸ்.ஓ. அமைப்பு விதியை எழுதுமேயன்றிச் சான்றிதழ் வழங்குவதில்லை. அதனைத் தணிக்கை செய்து வழங்குபவை வேறு நிறுவனங்கள். இந்திய மருத்துவமனைகளுக்கென்றே உள்ளது, இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் இயங்கும் என்.ஏ.பி.எச். எனப்படும் தேசிய அங்கீகார வாரியம். நோயாளி உரிமை, மருந்து மேலாண்மை, தொற்றுத் தடுப்பு என அதன் அளவுகோல்கள் 10 இயல்களாக அமைந்துள்ளன. அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மத்திய அரசின் தேசியத் தர உறுதி அளவுகோல்கள் உள்ளன. ஆகவே, ஒரு சான்றிதழைக் கண்டால் அது எதற்கு வழங்கப்பட்டது, எந்நாள்வரை செல்லும் என்று பார்ப்பது நல்லது.

இவற்றால் உயிர்கள் காக்கப்படுகின்றனவா? இதற்கு இரண்டு ஆய்வுகளைச் சேர்த்தே பார்க்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 19 கேள்விகள்: இவர் யார், எந்தப் பக்கத்தில் அறுவை, ஒவ்வாமை உண்டா, பஞ்சுத் துணிகளும் கருவிகளும் எண்ணப்பட்டனவா என்பன போன்றவை. புதுதில்லி உள்பட 8 நகரங்களில் 8 மருத்துவமனைகளில் இதனைப் பயன்படுத்தியபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு கூறியது. பின்னர் கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் இப்பட்டியலைத் தன் மருத்துவமனைகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று தெரிந்தது.

ஒரே பட்டியலுக்கு இருவேறு விளைவுகள் ஏன் என்பது குறித்து மருத்துவ உலகில் விவாதம் உண்டு. என் கருத்து இது: படிவத்திற்குத் தனியே எந்த ஆற்றலும் இல்லை. கேள்வியை வாய்விட்டுக் கேட்டு, பதிலைக் காதால் கேட்டபின் குறியிட்டால் அது காக்கும். பணி முடிந்தபின் ஒரே மூச்சில் எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டுக் கையொப்பமிட்டால் அது வெறும் தாள். நானும் அவ்வாறு குறியிட்ட நாள்கள் உண்டு என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மதிப்பீட்டாளர்கள் வரும் சில நாள்களுக்குத் தரையைத் துடைத்துப் பதிவேடுகளை அடுக்கி வைப்பதில் பெருமை ஏதுமில்லை. அவர்கள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் என்ன நடக்கிறது என்பதே தரம்.

இதில் செலவும் சுமையும் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பத்துக் கட்டில்கள் கொண்ட சிற்றூர் மருத்துவமனைக்கு அங்கீகாரக் கட்டணமும் கட்டட மாற்றங்களும் பெரும்பாரம். செவிலியர் எழுதும் படிவங்கள் பெருகினால், அவர் நோயாளியின் அருகே நிற்கும் நேரம் குறையும். ஆகவே, பயனற்ற படிவங்களை நீக்கும் துணிவும் தர மேலாண்மையின் ஒரு பகுதியாக இருக்கவேண்டும் என்று நிர்வாகத்திடம் நாங்கள் வலியுறுத்தி வருகிறோம். ஆனால், பெயரையும் பதிவு எண்ணையும் சரிபார்ப்பதற்கும், கைகளைத் தூய்மை செய்வதற்கும், நேரவிருந்த தவற்றை எழுதிவைப்பதற்கும் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

அந்த அம்மையாரிடம் நான் கேட்டேன்: "உங்க வீட்டுல கடலுக்குப் போறப்ப டீசல், வலை எல்லாம் பார்த்துட்டுத்தானே படகைத் தள்ளுவாங்க?" அவர், "பின்ன? தெனம் போற கடல்தான்னு பாக்காம போனா திரும்பி வர முடியுமா?" என்றார். சொல்லி முடித்ததும் அவரே சிரித்துவிட்டார்.

நோயாளிகளிடமும் உறவினர்களிடமும் எனக்குச் சில வேண்டுகோள்கள் உள்ளன. பெயர் கேட்கப்படும்போது தலையை மட்டும் அசைக்காதீர்கள். முழுப்பெயரை நீங்களே சொல்லுங்கள். கைப்பட்டையைக் கழற்றாதீர்கள். வீட்டில் உண்ணும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உள்பட, கொண்டுவந்து காட்டுங்கள். ஒவ்வாத மருந்து ஏதேனும் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். உங்களைத் தொட வருபவர், நான் உள்பட, கை கழுவவில்லை என்று தோன்றினால் தயங்காமல் கேளுங்கள். மாத்திரையின் நிறமோ ஊசியின் நேரமோ மாறியிருந்தால் "இது என்ன?" என்று கேட்டபின் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்பவரிடம் எங்களில் எவரேனும் முகம் சுளித்தால், அதை எழுதிப் புகார்ப் பெட்டியில் இடுங்கள்.

அன்றிரவு தரையில் அமர்ந்திருந்த அந்த மகள் எந்தப் பயிற்சியும் பெற்றவரல்லர். தன் தாய்க்கு என்ன நோய் என்று தெரிந்து வைத்திருந்தார். ஐயம் வந்தபோது வாய் திறந்தார். நம் மருத்துவமனைக்குச் சான்றிதழ் கிடைக்கட்டும், மகிழ்வோம். அது கிடைத்த பின்னரும் நீங்கள் கேட்டுக்கொண்டே இருங்கள்.