மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்

தியானப் பகுதி: எரேமியா 32:6-15



பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. எரேமியா தீர்க்கதரிசியோ காவல்வீட்டின் முற்றத்தில் அடைபட்டிருந்தார். நகரம் விழப்போகிறது என்று அறிவித்தவரும் அவரே. அந்த நாள்களில் அவருடைய உறவினர் ஒருவர் வந்து, ஆனதோத்திலுள்ள தம் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். எதிரியின் கைக்குப் போகப்போகும் நிலத்தை எவர் வாங்குவார்? ஆயினும் கர்த்தருடைய வார்த்தையின்படி எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதினார். அது நெடுங்காலம் நிலைத்திருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். அந்நிலத்தை அவர் உழுததாக வேதம் சொல்லவில்லை. பின்வரும் தலைமுறைக்காகவே அவர் வெள்ளியை நிறுத்தார்.

யுத்த பூமியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் இத்தகையதொரு விசுவாசச் செயல்தான். நமக்கு அருகிலுள்ள யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் அந்நகரின் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை; மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் சில துளி எண்ணெய் விட்டு, திரியைக் குறைத்து, அந்த வெளிச்சத்தில் மாணவர் தேர்வுக்குப் படித்தனர். 1995 செப்டம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கின் நாகர்கோவில் என்னும் ஊரிலிருந்த பள்ளியின்மேல் விமானக் குண்டு விழுந்து மாணவர் பலர் மாண்டனர். அடுத்த மாத இறுதியில் இலட்சக்கணக்கானோர் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறினர். போன இடங்களிலும் மரநிழல்களிலும் ஓலைக்கொட்டகைகளிலும் வகுப்புகள் நடந்தன. நாளை உயிரோடிருப்போமோ என்று அறியாத பெற்றோர், பிள்ளைக்கு நாளை ஒன்று உண்டு என்று நம்பி அனுப்பினார்கள்.

பிரியமானவர்களே, மதுரைத் திருச்சபையாகிய நாம் அந்த ஊருக்குக் கடன்பட்டவர்கள் என்பதை அறிவீர்களா? அமெரிக்க மிஷனெரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்கள் பள்ளியையும் நிறுவினார்கள். அந்த யாழ்ப்பாண ஊழியத்திலிருந்தே 1834இல் மதுரை மிஷன் பிறந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்திய தானியேல் பூவர் ஐயர் பின்னர் இங்கே வந்து, மதுரையிலும் சுற்றுக் கிராமங்களிலும் பள்ளிகளைத் திறந்தார். 1881இல் பசுமலையில் தொடங்கி இன்று தல்லாகுளத்தில் நிற்கும் அமெரிக்கன் கல்லூரியும், 1948இல் எழும்பிய லேடி டோக் கல்லூரியும் அந்த விதையின் கனிகளே. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் யாழ்ப்பாணமும் மதுரையும் ஒரே குடும்பமாக இணைந்தன.

பின்பு அந்த மண் எரிந்தது. 1983 முதல் அதன் பிள்ளைகள் கடல் கடந்து வந்தார்கள். ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் உள்ள முகாம்களில் இன்றும் வாழ்கிறார்கள். அத்தகைய ஒரு முகாமில் ஜெபிக்கச் சென்றபோது, ஒரு தாய் பிளாஸ்டிக் உறையொன்றைத் திறந்து தம் பழைய பள்ளிச் சான்றிதழை எனக்குக் காட்டினார். "ஐயா, வள்ளத்தில ஏறேக்குள்ள நகையைக் குடுத்திட்டன். இதை மட்டும் விடேல்லை" என்றார். எரேமியாவின் மண்பாண்டத்தை அன்று என் கண்ணால் கண்டேன்.

ஆனால் அவருடைய மகள் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளாகியும் தகுந்த வேலை கிடைக்கவில்லை. பள்ளியில் படிக்கும் தம்பியோ, "அக்கா படிச்சு என்னத்தைக் கண்டவ?" என்று கேட்டுவிட்டு, பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகப் பார்க்கிறான். என்னால் அவனுக்குப் பதில் சொல்ல இயலவில்லை.

2021இல் அரசு முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, நன்று. பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள், அதற்கும் ஸ்தோத்திரம். ஆயினும் குடியுரிமை இல்லாததால் அரசுப் பணி அவர்களுக்கு எட்டாது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. தனியார் நிறுவனங்களோ முகாம் முகவரியைக் கண்டதும் தயங்குகின்றன. நாமும் கிறிஸ்துமஸ் காலத்தில் நோட்டுப் புத்தகங்களைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். நானும் அப்படித் திரும்பியவனே. படிப்பைக் கொடுத்துவிட்டு வேலையை மறுப்பது, நிலத்தை விற்ற பின் பத்திரத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

"நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லையே, ஐயா" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அவர்களுக்கு முதலிடம் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. முகவரியைக் கண்டு விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்காதீர்கள் என்றே கேட்கிறேன். 1834இல் யாழ்ப்பாணத்திலும் தேவை தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அங்கிருந்து நமக்கு ஆசிரியர்கள் வந்தார்கள்.

கடை நடத்துகிறவர்களே, பள்ளி நிர்வாகிகளே, மருத்துவமனை வைத்திருப்பவர்களே, இவ்வாண்டு ஒருவரையாவது அழைத்து நேர்காணல் செய்யுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை முகாம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நாம் யாவரும் அவர்களுடைய குடியுரிமைக்காக ஜெபிப்போம். அதிகாரிகளுக்கு மனுவும் எழுதுவோம். எரேமியா கர்த்தரின் வாக்கை நம்பினார். நம்பியதனால் வெள்ளியை நிறுத்தார். நம்முடைய பதினேழு சேக்கல் எங்கே?

ஜெபம்: பரதேசிகளைக் காப்பாற்றும் கர்த்தாவே, யுத்தத்தின் நடுவே புத்தகத்தைக் கைவிடாத பெற்றோருக்காக உமக்கு ஸ்தோத்திரம். நாங்கள் பெற்ற கடனை எங்களுக்கு நினைப்பூட்டும். அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு எங்கள் சபையைப் பதிலாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.