நாற்காலி கொடுத்தீங்க, சார்ஜ் போட யார் சொல்லிக் கொடுக்கிறது?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணி தாண்டி நாடு முழுக்க கரண்ட் போச்சு. பாணந்துறை உப மின்நிலையத்துல ஒரு குரங்கு பட்டதுதான் காரணம்னு மின்சக்தி அமைச்சரே சொன்னார். நாம என்ன செஞ்சோம்? போன்ல மிச்சமிருந்த சார்ஜ்ல குரங்கு மீம்ஸ் போட்டோம். நானும் போட்டேன்.

அன்னைக்கு பின்னேரம் மாவனல்லைக்கு மேல ஒரு இறப்பர் தோட்டத்துல, எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் லயத்து வாசல்ல உட்கார்ந்திருந்தார். பெட்டரியில ஓடுற சக்கர நாற்காலி அவருடையது. அதுல ஒரே ஒரு கோடுதான் மிச்சம். கழிவறைக்குப் போய் வரவே அது காணுமான்னு அவருக்குச் சந்தேகம். "தம்பி, உனக்கு போன் செத்தா நேரம் போகாது. எனக்கு இது செத்தா நான் ஒரு மூட்டை. யாராவது தூக்கி வைக்கணும்" என்றார்.

அந்த ஒரு கோட்டுக்குக் குரங்கை மட்டும் குறை சொல்ல முடியாது. "சீரோவுக்கு வந்த பிறகுதானே சார்ஜ் போடணும்? பழைய போனுக்கு அப்படித்தானே சொன்னாங்க?" என்று அவர் கேட்டார். முதல் சோடி பெட்டரி ஒரு வருஷம்கூட தாங்காமப் போனது ஏன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சது. நாற்காலியை ஒரு விழாவில் கொடுத்திருக்காங்க. மாலை, பொன்னாடை, போட்டோ எல்லாம் நடந்திருக்கு. பெட்டிக்குள்ள ஆங்கிலத்துல ஒரு சின்னப் புத்தகம். எப்படி சார்ஜ் போடுறதுன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லல.

நான் சொல்ல வர்றது இதுதான்: பெட்டரியைப் பாதுகாக்கச் சொல்லிக் கொடுக்காம நாற்காலியை மட்டும் கொடுத்தா, அது பாதிக் கொடைதான். சில மாசத்துல அது துணி காயப்போடுற கொடியாகும். பழியும் அந்தக் குடும்பத்து மேலதான் விழும்: "கொடுத்தோம், பாவிக்கத் தெரியல."

சொல்லிக் கொடுக்க அப்படி என்ன இருக்கு? பத்து நிமிஷ வேலைதான்.

பெரும்பாலான நாற்காலிகள்ல சீட்டுக்குக் கீழே 12 வோல்ட் பெட்டரி ரெண்டு, சேர்ந்து 24 வோல்ட். அதிகமும் தண்ணி ஊத்தத் தேவையில்லாத, மூடின ஈய அமில பெட்டரி. இதைக் காலியாகிற வரைக்கும் விடவே கூடாது. வெறுமையா கிடக்கிற ஒவ்வொரு நாளும் உள்ளே ஈயத் தகட்டுல உப்பு மாதிரி படிஞ்சு இறுகிப்போகும். அதனால ஓடின நாளெல்லாம் ராத்திரி சார்ஜ். முழுசா ஏற எட்டு, பத்து மணித்தியாலம்கூட ஆகலாம். நிறைஞ்சதுக்கான லைட் வர்ற வரைக்கும் பொறுக்கணும். மழைக்காலத்துல ஓடாம வச்சிருந்தாலும் மாசத்துக்கு ஒரு தடவையாவது ஏத்தணும். மேடு ஏறினா பெட்டரி சீக்கிரம் இறங்கும். நம்ம பக்கம் மேடில்லாத இடம் எது?

பெட்டரி போனா கராஜுல "த்ரீவீலர் பெட்டரியே போட்டுக்கலாம், விலை குறைவு" என்பாங்க. அது எஞ்சினை ஸ்டார்ட் பண்ண ஒரு நொடி பலமா அடிக்கிறதுக்குச் செஞ்சது. நாள் முழுக்க மெதுவா கரண்ட் கொடுத்தா சீக்கிரம் செத்துடும். மூடி திறக்கிற வகையா இருந்தா, நாற்காலி சரியும்போது அமிலம் கசிஞ்சு உடம்பைச் சுடும். மாத்தினா ரெண்டையும் ஒண்ணா மாத்தணும். பழசும் புதுசும் கலந்தா பழசு புதுசையும் கெடுக்கும். சார்ஜர் அந்த வகைக்குன்னே உள்ளதா இருக்கணும். லித்தியம் பெட்டரிக்கு ஈய பெட்டரி சார்ஜரைப் போடுறது ஆபத்து.

அடுத்தது லயத்து விஷயம். வழக்கமான லயக் காம்பிரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. பல காம்பிராவுக்கு ஒரே வாசல். ஒரே பிளக்ல ரைஸ் குக்கர், அயன், டீவி எல்லாம் தொங்கும். அந்த மல்ட்டி பிளக்லயே சார்ஜரையும் சொருகினா வயர் சூடாகும். சார்ஜருக்குச் சுவர்ல தனி பிளக் வேணும். வீட்டுக்கு ட்ரிப் சுவிட்ச் வேணும். ஏத்தும்போது சார்ஜர் மேல துணி போடக் கூடாது. ஈய பெட்டரியில இருந்து தீப்பிடிக்கிற வாயு வரலாம். அதனால அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் தள்ளி, காத்து வர்ற பக்கம் வைக்கணும். ஆனா வாசலை மறிச்சு மட்டும் வைக்காதீங்க. தீப்பிடிச்சா எல்லாரும் ஓட இருக்கிறது அந்த ஒரு வழிதான். லித்தியமா இருந்தா, முடிஞ்ச வரைக்கும் ஆள் முழிச்சிருக்கிற நேரத்துல ஏத்துங்க. பெட்டரி வீங்கினாலோ, கூழ்முட்டை நாத்தம் வந்தாலோ, தொட முடியாம சுட்டாலோ அதுக்கு மேல சார்ஜ் போடவே வேண்டாம்.

இடி இடிச்சா பிளக்கைக் கழற்றணும். சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேர இடி எப்படி இருக்கும்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கரண்ட் போனாலும் கழற்றி வச்சிட்டு, திரும்ப வந்து சில நிமிஷம் கழிச்சுப் போடுங்க. 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டுல 13 மணித்தியால மின்வெட்டு. அந்த மாதிரி நாள்ல, தினமும் நிறைச்சு வச்ச பெட்டரிதான் ஒரு மனுஷனோட சுதந்திரம்.

"தோட்டத்து ரோட்டுக்கும் படிக்கும் இதெல்லாம் சரிவராது, கையால தள்ளுற நாற்காலியே போதும்"னு சிலர் சொல்றாங்க. ரோடு மோசம், படி அதிகம், அது உண்மைதான். ஆனா கையால தள்ளுற நாற்காலியை அந்த மேட்டுல தள்ளுறது யாரு? அம்மாவோ தங்கச்சியோதான். ரெண்டாம் உலகப் போர்ல கை, கால் ரெண்டும் செயலிழந்து திரும்பினவங்களுக்காகத்தான் கனடாவுல ஜோர்ஜ் கிளைன் என்ற பொறியியலாளர் மின்சார நாற்காலியை உருவாக்கினார். யாரையும் எதிர்பார்க்காம நகர்றதுதான் அதோட நோக்கமே. ரோடு மோசம்னா ரோட்டைத் திருத்தச் சொல்லிக் கேட்போம், ஆளை வீட்டுக்குள்ள இருக்கச் சொல்ல வேண்டாம்.

இது தர்மம் பற்றிய பேச்சு மட்டுமில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016ல் ஏற்றுக்கொண்டது. அதோட 20ஆவது உறுப்புரை, நடமாட உதவுற சாதனங்கள் கட்டுப்படியாகிற விலையில கிடைக்கணும்னு சொல்றதோட நிற்கல, நடமாட்டத் திறன்ல பயிற்சியும் கொடுக்கணும்னு சொல்லுது. உலக சுகாதார நிறுவனம் 2023ல வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டியும் நாலு படி சொல்லுது: தெரிவு செய்றது, உடம்புக்குப் பொருத்துறது, பயிற்சி கொடுக்கிறது, பிறகும் தொடர்ந்து பார்க்கிறது. நம்ம ஊர் விழாக்கள் முதல் படியிலயே போட்டோ எடுத்து முடிஞ்சிடுது.

அதனால கொடுக்கிறவங்ககிட்ட மூணு கேள்வி கேட்போம். தமிழ்லயும் சிங்களத்துலயும் ஒரு பக்கக் குறிப்பு எங்க? பெட்டரி போனா அடுத்த சோடிக்கு யார் பொறுப்பு? ஆறு மாசம் கழிச்சு யார் வந்து பார்ப்பாங்க?

நம்ம பங்குக்கும் வேலை இருக்கு. உங்க தோட்டத்துல, உங்க தெருவுல இப்படி ஒரு நாற்காலி இருந்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்க. வயரைப் பாருங்க, சார்ஜரைப் பாருங்க, மேல சொன்னதை ஒரு தாள்ல பெரிய எழுத்துல எழுதி சுவர்ல ஒட்டிட்டு வாங்க. பழைய பெட்டரி கிடந்தா உடைச்சு ஈயம் எடுக்க விடாதீங்க, அது பிள்ளைகளுக்கு விஷம். பெட்டரி கடைக்கே கொண்டு போய்க் கொடுங்க.

அந்த அண்ணன் வீட்டுச் சுவர்ல இப்ப ஒரு தாள் ஒட்டியிருக்கு. ராத்திரி எட்டு மணிக்கு அவரே பிளக்கைச் சொருகுறார். போன வாரம் டவுனுக்குப் போகணும்னு சொன்னார். நான் கூட வரவான்னு கேட்டேன்.

"எதுக்கு தம்பி? சார்ஜ் இருக்கு" என்றார்.