பந்து சோறு போடுமா?

“பந்து சோறு போடுமாடா?”

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த பையன்களில் இந்தக் கேள்வியைக் காதால் கேட்காதவர் இருக்க முடியாது. மலாக்கா, ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த நானும் கேட்டிருக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த திடலில் பந்து உருளத் தொடங்கினால், இருட்டும் வரை ஒருவரும் வீடு திரும்பமாட்டோம். சேறும் சகதியுமாய் வாசலில் நிற்கும்போது அம்மா கேட்கும் முதல் கேள்வி அதுதான். பெற்றோரின் அறியாமை என்று சொல்லி நம்மில் பலர் இக்கேள்வியை ஒதுக்கிவிடுகிறோம். என்னைக் கேட்டால், அது மிகவும் நியாயமான கேள்வி. நம் சமுதாயம் அதற்கு இன்னும் ஒழுங்கான பதிலைச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பந்து நமக்குப் பெருமை தேடித் தந்திருக்கிறது. அதில் ஐயமில்லை. ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகத்தை அறியாத மலேசியக் காற்பந்து இரசிகர் உண்டா? 1953ஆம் ஆண்டு பிறந்த அவர், தம் நீண்ட கைகளால் சிலாங்கூர் குழுவின் கோல் கம்பத்தையும் நாட்டின் கோல் கம்பத்தையும் காத்து நின்றவர். 1974 ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியக் குழு வெண்கலம் வென்றது. 1980 ஏப்ரலில், மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஆறுமுகம், சந்தோக் சிங், சோ சின் ஆன், ஜேம்ஸ் வோங், ஹசான் சானி என்று எல்லா இனத்தவரும் தோளோடு தோள் நின்ற காலம் அது. 2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படத்தில் வரும் கோல் காவலர் முத்து, ஆறுமுகத்தை நினைவூட்டும் பாத்திரம்தான்.

ஆனால், அந்த வெற்றியின் முடிவு என்ன? ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா மாஸ்கோ போட்டியைப் புறக்கணித்தது. வியர்வை சிந்திப் பெற்ற வாய்ப்பு, ஆட்டக்காரர்களின் கையில் இல்லாத ஒரு காரணத்தால் நழுவிப் போனது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1988 டிசம்பர் 18ஆம் நாள், ஆறுமுகம் சாலை விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 35.

நம் நாட்டில் பகுதி நிபுணத்துவ லீக் தொடங்கியதே 1989இல்தான். முழு நிபுணத்துவம் வந்தது 1994இல். ஆறுமுகம் காலத்து ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பகலில் ஒரு வேலை, மாலையில் பயிற்சி என்று வாழ்ந்தவர்கள். பந்து புகழைத் தந்தது. மாதச் சம்பளத்தை வேறு வேலை தந்தது. இன்று பந்தே வேலையாகிவிட்டது. அப்படியானால் இன்றைய ஆட்டக்காரர் அன்றைய ஆட்டக்காரரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறாரா?

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா மகன். எங்கள் தோட்டத்துத் திடல் கண்ட மிகச் சிறந்த ஆட்டக்காரர். பத்தொன்பது வயதில் ஒரு குழு அவரை ஒப்பந்தம் செய்ய அழைத்தது. வீட்டில் திருவிழாதான்! கையில் நான்கைந்து பக்கத் தாள்களுடன் அண்ணன் என்னிடம் வந்தார். “தம்பி, நீ நல்லா படிக்கிறவன். இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுடா” என்றார். எனக்கு அப்போது எஸ்.பி.எம். சோதனைக் காலம். “அப்புறம் பார்க்கலாம்ண்ணே” என்றேன். மறுநாள் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த ஆண்டு பயிற்சியில் முழங்கால் தசைநார் அறுந்தது. அதற்கு முன்பே மூன்று மாதச் சம்பளம் பாக்கி. காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஒப்பந்தம் எப்போது முறியும் என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் நான் அதை வாசித்தேன். வாசித்து என்ன பயன்? அண்ணன் இப்போது லாரி ஓட்டுகிறார். என்னிடம் அவர் ஒருநாளும் கோபித்துக் கொண்டதில்லை. அதுவே எனக்குப் பெரும் பாரம்.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. சம்பள பாக்கி என்பது மலேசியக் காற்பந்தில் பழைய நோய். நம் மாநிலத்து மலாக்கா யுனைடெட் குழுவுக்கே, சம்பள பாக்கிச் சிக்கலால் 2023ஆம் ஆண்டுப் பருவத்திற்கான உரிமம் கிடைக்கவில்லை. குரூபோங்கில் நாற்பதாயிரம் பேர் அமரக்கூடிய ஹங் ஜெபாட் அரங்கம் கம்பீரமாக நிற்கிறது. அரங்கம் மட்டும் இருந்தால் ஆட்டக்காரன் வீட்டில் உலை கொதிக்குமா?

சற்றுத் தொலைவில், அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே ‘ஃபுட்பால்’ என்றால் நம் காற்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முரட்டு ஆட்டம். அதில் ‘டைட் எண்ட்’ என்றோர் இடம் உண்டு. அந்த இடத்தில் ஆடுபவருக்கு இரண்டு வேலை: எதிராளியை மறித்து நண்பருக்கு வழி விடவேண்டும், தமக்குப் பந்து வந்தால் பிடித்துக்கொண்டு ஓடவும் வேண்டும். அன்டோனியோ கேட்ஸ் என்பவர் கெண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர். 2003இல் எந்தக் குழுவும் அவரைத் தேர்வில் எடுக்கவில்லை. சான் டியாகோ சார்ஜர்ஸ் தனியாக ஒப்பந்தம் செய்தது. 16 பருவங்கள் ஆடி, டைட் எண்ட் ஆட்டக்காரர்களிலேயே மிக அதிகமாக 116 டச்டவுன்கள் எடுத்தார். 2025இல் அவ்விளையாட்டின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

கேட்ஸைப் போல் நீண்ட காலம் ஆடுபவர் அங்கேயும் அரிது. பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளிலேயே ஆட்டம் முடிந்துவிடும். ஆனால், இரண்டு செய்திகள் நமக்குப் பாடம். ஒன்று, அங்கே நிபுணத்துவ ஆட்டத்திற்குச் செல்லும் வழி பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊடாகவே போகிறது. மற்றொன்று, 1956 முதலே ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது; ஒப்பந்தத்தை வாசித்துப் பேச ஆள் இருக்கிறார். நம் நாட்டிலும் நிபுணத்துவ ஆட்டக்காரர்கள் சங்கம் உண்டு. தோட்டத்திலிருந்து வரும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

அப்படியானால் பந்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடவே கூடாது! கே. ராஜகோபால் ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநரானவர். 2009இல் சீ விளையாட்டுப் போட்டியில் தங்கத்தையும், 2010இல் ஆசியான் சுசுக்கி கிண்ணத்தையும் நாட்டுக்கு வென்று தந்தார். கிண்ணம் வென்ற அக்குழுவில் எஸ். குணாளனும் ஆடினார். ஆடும் காலம் முடிந்த பிறகும் பந்து சோறு போடும் என்பதற்கு ராஜகோபால் சான்று. ஆனால் அதற்குப் பயிற்றுநர் சான்றிதழ் வேண்டும், மொழி வேண்டும், படிப்பு வேண்டும். டைட் எண்டைப் போல நம் பிள்ளைக்கும் இரண்டு வேலை. ஒரு கையில் பந்து, மறு கையில் புத்தகம்.

இதைப் பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாமா? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட மக்கள் பெம்பான், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கல் என்று பட்டணத்து மலிவு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். திடலும் கூடவே போயிற்று. வென்று வந்தவனுக்கு மாலை போடும் நாம், வெல்லும் முன் அவனுக்குக் காலணி வாங்கிக் கொடுத்தோமா?

பல்கலைக்கழக மாணவர்களாகிய நம்மிடம் பணம் இல்லை. எழுத்தறிவு இருக்கிறது. ஆண்டுதோறும் பேச்சுப் போட்டி, கலை இரவு என்று நடத்தும் நம் தமிழ்மொழிக் கழகம், இவ்வாண்டு மலாக்காவில் ஒரு தமிழ்ப்பள்ளிக் காற்பந்துக் குழுவைத் தத்தெடுக்கட்டும். வார இறுதியில் அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவோம். விளையாட்டுப் பள்ளிகளுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்ப உதவுவோம். சட்டம் பயிலும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, ஓர் ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டியவற்றை ஒரே பக்கத்தில், எளிய தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். மொழிப்பணி என்பது மேடையில் முழங்குவது மட்டுமா? மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட தாளை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் விளக்கிச் சொல்வதும் மொழிப்பணிதான்.

கடந்த தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அண்ணனின் ஏழு வயது மகன் வாசலில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். “பந்து சோறு போடுமாடா?” என்று பெரியம்மா வழக்கம்போல் சத்தம் போட்டார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார்.

போடும், பெரியம்மா. நாங்கள் கூட நின்றால் போடும். இந்த முறை தாளை நான் முதலில் வாசிக்கிறேன்.