ஆயரையும் களைப்படையச் செய்த தாய்



மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் குருக்கள் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்றுண்டு. "சாமி, அம்மாமீது எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் பேசத் தொடங்கினால் எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கிறது. இது பாவமா?"

களைப்பு பாவமன்று. புனித மோனிக்கம்மாளை எண்ணிப் பாருங்கள். மகன் அகுஸ்தீன் தப்பறைக் கொள்கையில் விழுந்தபோது, அவருடன் பேசித் திருத்துமாறு ஓர் ஆயரிடம் சென்று மன்றாடினார். ஆயர் மறுத்தும் அம்மையார் விடவில்லை. அழுதுகொண்டே மீண்டும் மீண்டும் கேட்டார். ஆயருக்குச் சலிப்பே தட்டிவிட்டது என்று அகுஸ்தீனாரே தம் 'அறிக்கைகள்' நூலில் எழுதியிருக்கிறார். மகனோ அதற்கும் மேலே போனார்: 383-ஆம் ஆண்டில் தாயிடம் பொய் சொல்லிவிட்டு, இரவோடு இரவாக உரோமைக்குக் கப்பலேறிவிட்டார்! ஓடியதால் பயனில்லை; தாய் கடல் கடந்து மிலான்வரை தேடி வந்துவிட்டார்.

ஆயர் செய்ததே எனக்கு உகந்ததாகப் படுகிறது. பேச்சுக்கு எல்லை வகுத்தார். ஆயினும் அம்மையாரின் கண்ணீர் வீண்போகாது என்னும் ஆறுதலைக் கொடுத்தே அனுப்பினார்.

நம் வீடுகளிலும் இது இயலும். பகல் முழுவதும் அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கும் தாய், மகள் செருப்பைக் கழற்றுமுன்பே தொடங்கிவிடுகிறார் என்றால், அது பேச ஆளின்றி நாளெல்லாம் சேர்ந்துவிட்ட பேச்சு. "முகம் கழுவிவிட்டு, எட்டு மணிக்கு வந்து உட்காருகிறேன், அம்மா" என்று சொல்லுங்கள், சொன்னபடி உட்காருங்கள். கைப்பேசியை அப்பால் வையுங்கள். அமெரிக்காவிலிருக்கும் அண்ணனும் வாரத்தில் இரண்டு நாள் தொலைபேசியில் கேட்கட்டும்; கேட்பது மகள்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கடமையன்று. சொன்னதையே சொன்னால் மறுத்துப் பேசாமல், "சாந்தோம் கோவிலில் உங்கள் புதுநன்மை அன்று யாரெல்லாம் வந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சற்றுமுன் கேட்டதையே மறந்து மறுபடியும் கேட்டால், அதைக் குணக்கேடென்று எண்ணாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நாள்தோறும் கேட்டுச் சலித்த செவிக்கு, "இனி நான் இருந்து என்ன பயன்?" என்பதும் பழைய புலம்பலாகவே படும். மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா' அமைப்பில், அத்தகைய சொற்களைக் கேட்பதற்கென்றே தொண்டர்கள் பயிற்சி பெறுகின்றனர். அச்சொல் காதில் விழும் நாளில் எட்டு மணிவரை காத்திராதீர்கள். செருப்போடு நின்றபடியே கேளுங்கள்.